பேரேட்டை மாற்றலாமா?

மென்பொருள் உலகில் ஒரு குடிபெயர்ச்சிப் பிரச்னை

2024-ம் ஆண்டு மார்ச் 20-ந் தேதி அமெரிக்கக் கம்பெனி ஒன்று தன் சரக்குக்குரிய உரிமப் பத்திரத்தைத் திருத்தி எழுதுவதாக அறிவித்தது. அதனால் எந்த யந்திரமும் நிற்கவில்லை; எந்தக் கணக்கும் அழியவில்லை. நேற்று ஓடிய வேலை இன்றும் ஓடிற்று. ஆயினும் மென்பொருள் எழுதும் குழுக்களிடையே சில நாட்களுக்கு அதுவே பேச்சாக இருந்தது. இனியும் இங்கேயே குடியிருப்பதா, வேறு இடம் பார்ப்பதா என்பதுதான் கேள்வி.

திருத்தப்பட்டது ரெடிஸ் என்ற மென்பொருளின் பத்திரம். பொதுஜனங்களில் பெரும்பாலோர் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். கேள்விப்பட வேண்டிய அவசியமும் இல்லை. வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாயை யார் வார்த்தார்கள் என்று எவரும் விசாரிப்பதில்லை அல்லவா? ஆனால் கைப்பேசியில் ஒரு கடையைத் திறந்து, கூடையில் நாலு சாமான்களைப் போட்டுவிட்டுப் போனவர், சிறிது நேரம் கழித்து வந்து பார்க்கும்போது அவை அப்படியே இருக்கின்றன என்றால், அந்தக் கூடையைக் காத்து நின்றது இம்மாதிரிச் சரக்குகளில் ஒன்றாக இருக்கக்கூடும்.

சிட்டையும் பேரேடும்

கடைகளில் இரண்டு விதக் கணக்கு எழுதும் பழக்கத்தை வாசகர்கள் அறிவார்கள். கல்லாவின் அருகில் கிடப்பது சிட்டை. அவ்வப்போது நடக்கும் வரவு செலவை அவசரமாக அதில் குறித்துக்கொள்வார்கள். உள்ளே பெட்டியில் பத்திரமாக இருப்பது பேரேடு. பெயர்வாரியாக, நிதானமாக எழுதப்படுவது அது. சிட்டை கிழிந்தால் ஒருநாள் தொல்லை. பேரேடு தொலைந்தால் கடையே தொலைந்தது.

கம்ப்யூட்டர் உலகிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். ஆரக்கிள், மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் முதலியவை பேரேடுகள். டேட்டாபேஸ் என்றும் தரவுத்தளம் என்றும் சொல்வது இவற்றைத்தான். ஒருவர் கணக்கிலிருந்து 500 ரூபாய் கழிந்து, மற்றொருவர் கணக்கில் ஏறுவதற்குள் மின்சாரம் நின்றுவிட்டால், பாதிக் காரியம் நடந்ததாக இவை எழுதிவைக்கமாட்டா. இரண்டும் நடக்கவேண்டும், இல்லையேல் இரண்டுமே நடக்கக்கூடாது. இந்த ஒரு வாக்குறுதியை நம்பித்தான் பாங்குகளும் ஆஸ்பத்திரிகளும் டிக்கெட் பதிவு நிலையங்களும் இயங்குகின்றன. ரெடிஸ் என்பது இந்தப் பேரேடுகளுக்கு முன்னால் நிற்கும் சிட்டை. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரின் நினைவகத்திலேயே வைத்துக்கொண்டு, கேட்ட மாத்திரத்தில் எடுத்துக் கொடுப்பது அதன் வேலை.

பத்திரம் மாறிய கதை

சிசிலித் தீவைச் சேர்ந்த சால்வதோரே சான்ஃபிலிப்போ என்ற இத்தாலியர் 2009-ல் ரெடிஸை வெளியிட்டார். தம் சொந்தத் தொழிலுக்குப் பேரேட்டின் வேகம் போதாமற்போகவே அவர் எழுதிக்கொண்ட கருவி அது. அதற்கு அவர் வைத்த நிபந்தனை சொற்பம். பி.எஸ்.டி. என்ற அந்த உரிமத்தின்படி யார் வேண்டுமானாலும் மூல நிரலை எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம். எழுதியவரின் பெயரையும் உரிம வாசகத்தையும் நீக்காதிருந்தால் போதும். சரக்கு நன்றாக இருந்தது, நிபந்தனையோ தாராளம். நாடு நாடாகப் பரவியதில் வியப்பில்லை.

2015 முதல் ரெடிஸ் லாப்ஸ் என்ற கம்பெனி அதற்கு ஆதரவளித்து வந்தது. 2020-ல் சான்ஃபிலிப்போ பொறுப்பிலிருந்து விலகினார். 2021-ல் கம்பெனி தன் பெயரிலிருந்த 'லாப்ஸ்' என்ற சொல்லை உதறிவிட்டு, வெறும் ரெடிஸ் என்றே ஆயிற்று. சரக்கின் பெயரும் கம்பெனியின் பெயரும் ஒன்றாகிவிட்டதைக் கண்டு அப்போதே சிலர் புருவத்தை உயர்த்தினார்கள். மூலச் சரக்கு என்றென்றும் பி.எஸ்.டி. உரிமத்திலேயே இருக்கும் என்று முன்னொரு சமயம் அக்கம்பெனி கூறியிருந்தது. அந்த 'என்றென்றும்' 2024 மார்ச்சில் முடிவடைந்தது.

7.4-ம் பதிப்பு முதல் இரண்டு புதிய உரிமங்களில் ஏதேனும் ஒன்றை ஏற்கவேண்டும் என்றது புது ஏற்பாடு. ரெடிஸை வாடகைச் சேவையாக நடத்திக் கம்பெனியோடு போட்டியிடக்கூடாது என்பது ஒன்றின் சாரம். அப்படி நடத்துவதானால், நடத்தப் பயன்படும் சகல மென்பொருள்களின் மூல நிரலையும் ஊரறிய வெளியிடவேண்டும் என்பது மற்றொன்றின் சாரம். இந்த இரண்டாவது பத்திரம் புதிதல்ல. மாங்கோடிபி என்ற தரவுத்தளக் கம்பெனி 2018-லேயே தன் சரக்குக்காக ஆக்கியது. திறந்த மூல உரிமம் எது, எது அல்ல என்று தரம் பிரிக்கும் சர்வதேச அமைப்பு, இது திறந்த மூல உரிமமே அல்ல என்று 2021-ல் சொல்லிவிட்டது.

கம்பெனியின் நியாயத்தையும் கேட்கவேண்டும். இலவசமாகக் கிடைக்கும் சரக்கை ராட்சத ஸ்தாபனங்கள் எடுத்து, தங்கள் கம்ப்யூட்டர் மாளிகைகளில் ஓட்டி, மாத வாடகைக்கு விட்டுப் பணம் பண்ணுகின்றன. செலவு செய்து வளர்ப்பவனுக்கு மிஞ்சுவது என்ன என்று அது கேட்டது. இதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் வளர்த்தவர்கள் கம்பெனியின் ஊழியர்கள் மட்டுமல்லர். சான்ஃபிலிப்போ விலகிய பின் அமைந்த மூலக் குழுவில் அமேசானைச் சேர்ந்தவரும் அலிபாபாவைச் சேர்ந்தவரும் இருந்தார்கள். ஊர் கூடி வெட்டிய குளத்துக்கு ஒருவர் மட்டும் வேலி போட்டால், மண் சுமந்தவர்கள் சும்மா இருப்பார்களா?

இருக்கவில்லை. எட்டே நாளில், மார்ச் 28-ந் தேதி, லினக்ஸ் பவுண்டேஷன் என்ற பொது அமைப்பின் கீழ் வால்கீ என்ற புதுப் பெயரில் ஒரு கிளை பிரிந்தது. பழைய உரிமத்தின் கீழ் வெளிவந்த 7.2.4-ம் பதிப்பை அப்படியே எடுத்துக்கொண்டு அங்கிருந்து வேலையைத் தொடங்கினார்கள். சட்டப்படி அதை யாரும் தடுக்கமுடியாது. ஒரு தரம் தாராளமாகக் கொடுத்த பதிப்பைத் திரும்பப் பிடுங்க வழியில்லை. அமேசான், கூகிள், ஆரக்கிள், எரிக்சன், ஸ்னாப் ஆகிய கம்பெனிகள் ஆதரவு கொடுத்தன. பொதுச் சொத்தைக் காக்க வந்தவர்களின் வரிசையில் ஆரக்கிளின் பெயரைக் கண்டு புன்னகை செய்தவர்கள் உண்டு. காரணம் பின்னால் விளங்கும்.

இருப்பதா, போவதா?

இனி, இருபது பேர் வேலை செய்யும் ஒரு சாதாரண மென்பொருள் குழுவின் நிலையைப் பார்ப்போம். புடவைக் கடைக்கோ, ஆஸ்பத்திரிக்கோ வேலை செய்து கொடுக்கும் குழு. ரெடிஸைத் தன் சொந்த உபயோகத்துக்கு மட்டும் வைத்திருக்கிறது, வாடகைக்கு விடுவதில்லை. புது உரிமம் அதற்கு எந்தத் தடையும் விதிக்கவில்லை. அப்படியானால் கவலைப்படுவானேன்?

முதற்காரணம், ஒரு தரம் மாறிய பத்திரம் இன்னொரு தரமும் மாறலாம் என்பது. இது வெறும் அச்சம் என்று ஒதுக்கலாம். இரண்டாவது காரணத்தை அப்படி ஒதுக்கமுடியாது. பல லினக்ஸ் விநியோகங்கள் திறந்த மூலச் சரக்குகளை மட்டுமே சேர்த்துக்கொள்ளும் விரதம் உடையவை. ஃபெடோரா தன் 41-ம் பதிப்பில் ரெடிஸை எடுத்துவிட்டு வால்கீயை வைத்தது. ஆக, குழுவினர் எதையும் தீர்மானிக்காமலே இருந்தாலும், காலடியில் தரை நகர ஆரம்பித்தது.

மூன்றாவது விஷயம் எல்லாவற்றிலும் நுட்பமானது. 7.2 வரையிலான பதிப்பில் இருந்தவர்களுக்கு வால்கீக்கு மாறுவது, ஒரு வீட்டின் முன்கட்டிலிருந்து பின்கட்டுக்குப் போவது போல. அதே கட்டளைகள், அதே கோப்பு அமைப்பு. எழுதிய நிரலில் அநேகமாக ஒரு வரியும் மாற்றவேண்டியதில்லை. ஆனால் 7.4-ம் பதிப்புக்கு ஏறியவர்களின் தரவுக் கோப்புகள் தன்னோடு பொருந்தா என்று வால்கீயின் ஆவணங்கள் எச்சரித்தன. 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்லிக்கொண்டே, வழக்கம்போல் புதுப் பதிப்பையும் ஏற்றிக்கொண்டவர்களுக்குப் பாலம் குறுகிவிட்டது. முடிவு செய்யாமலிருப்பதும் ஒரு முடிவுதான் என்பதை அவர்கள் தாமதமாகத் தெரிந்துகொண்டார்கள்.

கதை அத்தோடு முடியவில்லை. 2024-ம் ஆண்டின் இறுதியில் சான்ஃபிலிப்போ மீண்டும் ரெடிஸ் கம்பெனிக்கே திரும்பினார். 2025 மே மாதம் வெளியான ரெடிஸ் 8-ம் பதிப்புக்கு, முந்திய இரு உரிமங்களோடு ஏ.ஜி.பி.எல். என்ற மூன்றாவது உரிமத்தையும் கம்பெனி சேர்த்தது. இது உண்மையான திறந்த மூல உரிமமே. சரக்கைத் திருத்தி வலை வழியே பிறருக்குச் சேவையாகக் கொடுப்பவர், திருத்திய நிரலையும் கொடுக்கவேண்டும் என்பது அதன் நிபந்தனை. அப்படியானால் 2024-லேயே ஓடிப்போனவர்கள் அவசரக்காரர்களா? அப்படிச் சொல்வது பொருந்தாது. போவது மலிவாக இருந்த வேளையில் போனார்கள், அவ்வளவுதான். தங்கிவிட்டவர்களும் ஏமாந்துவிடவில்லை. ஏமாந்தவர்கள், தங்கள் யந்திரத்தில் எந்தப் பதிப்பு ஓடுகிறது, அதன் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலே இருந்தவர்கள்தான்.

கை மாறும் வீடுகள்

ஆரக்கிளைக் கண்டு புன்னகை செய்ததன் காரணத்துக்கு இப்போது வரலாம். 1995-ல் பின்லாந்துக்காரரான மைக்கேல் விடேனியஸும் அவருடைய ஸ்வீடன் நண்பர்களும் ஆரம்பித்தது மைஎஸ்க்யூஎல். அதன் பெயரில் உள்ள 'மை' என்பது விடேனியஸின் மூத்த பெண்ணின் பெயர். 2008-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அதை ஏறத்தாழ 100 கோடி டாலருக்கு வாங்கியது. மறு ஆண்டே அந்த சன் கம்பெனியை 740 கோடி டாலருக்கு வாங்குவதாக ஆரக்கிள் அறிவித்தது. உலகத்திலேயே பெரிய விலைப் பேரேட்டை விற்பவர் கையில், உலகெங்கும் பிரபலமான இலவசப் பேரேடும் போய்ச் சேருவதா என்று கூக்குரல் எழுந்தது. ஐரோப்பியக் கமிஷன் மாதக்கணக்கில் விசாரணை செய்தது. மைஎஸ்க்யூஎல் குறித்துப் பத்து வாக்குறுதிகளை, ஐந்தாண்டு காலத்துக்கு, ஆரக்கிள் பகிரங்கமாகக் கொடுத்தது. 2010 ஜனவரியில் அனுமதி கிடைத்தது.

விடேனியஸ் அதற்கு முன்பே கிளை பிரித்துவிட்டார். அதற்கு இளைய பெண்ணின் பெயரை வைத்தார்: மரியாடிபி. விக்கிபீடியா 2013-ல் அதற்குக் குடிபெயர்ந்தது.

அஞ்சியபடி எல்லாம் நடந்ததா என்றால், நேர்மையாகச் சொல்லவேண்டும்: நடக்கவில்லை. மைஎஸ்க்யூஎல்லின் இலவசப் பதிப்பு வாக்குறுதிக் காலம் கழிந்து பல ஆண்டுகள் ஆகியும் வெளிவந்துகொண்டுதான் இருந்தது. மாறாக, அடைக்கலம் என்று நினைத்த இடத்தில் வேறு நாடகம் நடந்தது. மரியாடிபி கம்பெனி 2022 டிசம்பரில் நியூயார்க் பங்குச் சந்தைக்கு வந்தது; பங்கு விலை சரிந்தது; 2024-ல் கே1 என்ற முதலீட்டு ஸ்தாபனம் அதை வாங்கிச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டது. நல்லவேளை, மூல நிரலைப் பேணும் அறக்கட்டளை ஒன்று தனியே இருந்தது. ஓடிப்போகிறவர் போய்ச் சேரும் வீட்டின் பட்டாவையும் பார்த்துக்கொண்டு ஓடவேண்டும் போலிருக்கிறது!

இவை எல்லாவற்றையும்விடக் கடுமையானது ஃபவுண்டேஷன்டிபி விவகாரம். 2015 மார்ச்சில் அந்தக் கம்பெனியை ஆப்பிள் வாங்கியது. அதோடு சரக்கைத் தரவிறக்கம் செய்யும் வழியும் அடைபட்டது. நம்பித் தங்கள் தொழிலை அதன் மேல் கட்டியவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். மூன்று ஆண்டு கழித்து, 2018-ல், ஆப்பிள் மூல நிரலைத் திறந்து வெளியிட்டது என்பது உண்மை. ஆனால் புதுப் பதிப்பும் பழுது நீக்கமும் வேண்டி நிற்கும் தொழிலுக்கு மூன்று ஆண்டு என்பது மிக நீண்ட காலம்.

சொந்தக்காரர் இல்லாத சொத்து

இத்தகைய அனுபவங்களால்தான் மாற்று இடம் தேடுவோரில் பலர் போஸ்ட்கிரெஸ் பக்கம் திரும்புகிறார்கள். கலிபோர்னியா சர்வகலாசாலையின் பெர்க்லி வளாகத்தில் பேராசிரியர் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரின் தலைமையில் 1986-ல் தொடங்கிய ஆராய்ச்சி அது. 1996 முதல் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்று முழுப்பெயர். அதற்குச் சொந்தக்காரக் கம்பெனி என்று ஒன்று இல்லை. பல நாட்டு நிபுணர்கள் கூடி வளர்க்கிறார்கள். அவர்களில் அநேகருக்குச் சம்பளம் கொடுக்கும் கம்பெனிகள் பல. ஆனால் எந்த ஒரு கம்பெனியும் தனியே பத்திரத்தைத் திருத்திவிட முடியாது. ஆண்டுக்கு ஒரு பெரிய பதிப்பு. ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஆண்டு பராமரிப்பு என்ற நியமம் ஒழுங்காக நடந்துவருகிறது.

சொந்தக்காரர் இல்லாத சொத்திலும் கஷ்டம் உண்டு. ஒரு வரியைத் திருத்தினால் பழைய வரியை அழிக்காமல், புது வரியைப் பக்கத்தில் எழுதுவது அதன் பழக்கம். பழைய வரிகளைப் பெருக்கித் தள்ளும் வேலை ஒழுங்காக நடக்கவில்லையானால் ஏடு ஊதிப் பெருக்கும். வாடகை மோட்டார் கம்பெனியான ஊபர் இதையும், ஒரு வரியைத் திருத்தினால் பல அட்டவணைகளைத் திருத்தவேண்டியிருப்பதையும் காரணம் காட்டி, போஸ்ட்கிரெஸைவிட்டு மைஎஸ்க்யூஎல்லுக்கு மாறியதாக 2016-ல் விவரமாக எழுதியது. ஆக, ஊரெல்லாம் கிழக்கே போகும்போது மேற்கே போனவர்களும் உண்டு. அவர்களுக்கும் காரணம் இருந்தது. வேகப் பந்தய அட்டவணைகளைப் பார்த்துத் தரவுத்தளம் தேர்ந்தெடுப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். பந்தயம் வைப்பவரின் கணக்கு வேறு. தம் கடையின் கணக்கு வேறு.

பெயர் மறையும் விந்தை

சிட்டையை மாற்றுவது ஒரு நாள் வேலை என்றால், பேரேட்டை மாற்றுவது வருஷக்கணக்கு. இதில்தான் குழுக்கள் ஏமாறுகின்றன. எல்லாத் தரவுத்தளங்களும் எஸ்க்யூஎல் என்ற ஒரே பாஷையைப் பேசுகின்றன என்று புத்தகங்கள் சொல்லும். தஞ்சாவூர்த் தமிழும் திருநெல்வேலித் தமிழும் ஒன்றுதான். ஆனால் ஒன்றில் சாதாரணமான சொல் மற்றொன்றில் வேறு பொருள் தருவதில்லையா?

ஆரக்கிளிலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு வருபவர்கள் மோதிக்கொள்ளும் கல் ஒன்றைச் சொன்னால் விளங்கும். விண்ணப்பத்தில் ஓர் இடம் எழுதாமல் விடப்பட்டிருக்கிறது. 'காலியாக எழுதப்பட்டது' என்பது ஒன்று. 'என்னவென்றே தெரியாது' என்பது வேறொன்று. போஸ்ட்கிரெஸ் இரண்டையும் வேறு வேறாகக் கருதும். ஆரக்கிள் இரண்டையும் ஒன்றாகவே கருதும். வேதாந்த விசாரம் போலத் தோன்றும் இந்த வித்தியாசம் என்ன செய்கிறது பாருங்கள். இனிஷியல், பெயர், குடும்பப் பெயர் மூன்றையும் ஒட்டி முழுப்பெயர் ஆக்கும் ஒரு வரி நிரல் இருக்கிறது. இனிஷியல் தெரியாதவருக்கு ஆரக்கிள் மிச்சமுள்ள இரண்டையும் ஒட்டிக் கொடுத்துவிடும். அதே வரியைப் போஸ்ட்கிரெஸில் ஓட்டினால், 'தெரியாதது' ஒன்று சேர்ந்ததால் முழுதுமே தெரியாததாகிவிடும். அவருடைய பெயரே மறைந்துவிடும்! பிழை என்று எந்த மணியும் அடிக்காது. சம்பளப் பட்டியலில் பெயரில்லாத ஒரு வரி நிற்கும், அவ்வளவே.

தேதி விஷயமும் இப்படித்தான். ஆரக்கிளின் தேதிக்குள் மணி, நிமிஷம், விநாடி எல்லாம் ஒளிந்திருக்கும். போஸ்ட்கிரெஸின் தேதி வெறும் தேதி. பெயர் ஒன்றாயிருக்கிறதே என்று அப்படியே மாற்றினால், மாலை 5 மணிக்குக் கட்டிய பணமும் காலை 9 மணிக்குக் கட்டிய பணமும் ஒரே வேளையில் கட்டியதாகிவிடும்.

இவற்றுக்கெல்லாம் மேலானது, பேரேட்டுக்குள்ளேயே எழுதிவைத்த சட்டதிட்டங்கள். வட்டி எப்படிக் கணக்கிடுவது, தள்ளுபடி யாருக்கு என்ற விதிகளை ஆரக்கிளின் சொந்த பாஷையில், அதன் வயிற்றுக்குள்ளேயே எழுதிவைப்பது வெகுகாலப் பழக்கம். சௌகரியம்தான். ஆனால் கணக்கேட்டோடு கணக்குப்பிள்ளையின் மூளையையும் சேர்த்துத் தைத்துவிட்டால், ஏட்டை மாற்றும்போது என்ன ஆகும்? எழுதியவர் ஓய்வு பெற்றிருப்பார். விதி ஏன் அப்படி என்று சொல்ல ஆளிருக்காது. வெளியேறும் செலவு வெளியேறும் நாளில் தீர்மானிக்கப்படுவதில்லை. பத்து வருஷத்துக்கு முன், சௌகரியத்துக்காக உள்ளே எழுதிய முதல் வரியிலேயே அது ஏற ஆரம்பித்துவிடுகிறது.

பாங்கின் கதவு திறக்காத திங்கட்கிழமை

மாற்றுவதில் தவறினால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டனில் நடந்தது சாட்சி. டி.எஸ்.பி. என்ற பாங்கு, தன் பழைய தாய்ப் பாங்கான லாயிட்ஸின் கம்ப்யூட்டர் ஏற்பாட்டிலிருந்து, புது எஜமானரான ஸ்பெயின் தேசத்து சபடெல் பாங்கின் ஏற்பாட்டுக்கு மாறத் தீர்மானித்தது. 2018 ஏப்ரல் 20-ந் தேதி வெள்ளிக்கிழமை முதல் ஞாயிறு வரை மாற்றம். தரவுகள் என்னவோ ஒழுங்காகத்தான் போய்ச் சேர்ந்தன. ஆனால் அவற்றைத் தாங்கவேண்டிய புது மேடை தடுமாறிவிட்டது. சுமார் 19 லட்சம் வாடிக்கைக்காரர்களால் தங்கள் கணக்கைத் திறக்க முடியவில்லை. கிளைகளிலும் அதே கதி. முழுதும் சீராவதற்கு டிசம்பர் ஆயிற்று.

தலைமை நிர்வாகி பதவியிலிருந்து விலகினார். பாதிக்கப்பட்டவர்களுக்குப் பாங்கு 3 கோடியே 27 லட்சம் பவுன் ஈடு கொடுத்தது. 2022 டிசம்பரில் கண்காணிப்பு அதிகாரிகள் 4 கோடியே 86 லட்சத்து 50 ஆயிரம் பவுன் அபராதம் விதித்தார்கள். மறு ஆண்டு, அப்போது தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்த அதிகாரிக்கும் தனியாக 81,620 பவுன் அபராதம் விழுந்தது. புது மேடை தயார் என்று அதை நடத்தும் நிறுவனம் சொன்னதைப் போதுமான அளவு சோதித்து உறுதி செய்துகொள்ளவில்லை என்பது அவர்மேல் குற்றச்சாட்டு. கம்ப்யூட்டர் விஷயத்தில் 'அவர்கள் சொன்னார்கள்' என்பது தனி மனிதருக்கும் சமாதானம் ஆகாது என்று அன்று தெளிவாயிற்று.

அனுபவசாலிகள் ஒரே இரவில் மாறுவதில்லை. பழைய ஏட்டிலும் புது ஏட்டிலும் ஒரே சமயத்தில் எழுதிக்கொண்டு, இரண்டின் விடையையும் நாள்தோறும் ஒப்பிட்டு, மாதக்கணக்கில் போகிறார்கள். மேலே சொன்ன 'பெயர் மறையும்' வரிகள் அப்போதுதான் அகப்படுகின்றன. பிரதி எடுத்து வைத்தால் மட்டும் போதாது. அந்தப் பிரதியிலிருந்து மீட்டுப் பார்க்கவும் வேண்டும். 2017 ஜனவரி 31-ந் தேதி கிட்லாப் என்ற ஸ்தாபனத்தில், களைத்துப்போன இஞ்சினீயர் ஒருவர் உதவி யந்திரம் என்று நினைத்து முதன்மை யந்திரத்தின் தரவுகளை அழித்துவிட்டார். பிரதி எடுக்க ஐந்து ஏற்பாடுகள் இருந்தன. தேடிப் பார்த்தபோது ஒன்றும் ஒழுங்காக வேலை செய்திருக்கவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு காரியத்துக்காகத் தற்செயலாக எடுத்த ஒரு நகல் அவர்களைக் காப்பாற்றியது. நடந்ததை ஒளிக்காமல் உலகறிய எழுதினார்கள் என்பது அவர்களுக்குப் பெருமை. அந்தத் தரவுத்தளமும் போஸ்ட்கிரெஸ்தான் என்பதைக் குறித்துக்கொள்ளவேண்டும். நல்ல வீட்டுக்குக் குடிபோய்விட்டால் கதவைப் பூட்டவேண்டாம் என்று அர்த்தமில்லை.

அமேசானின் கணக்கு

ஆரக்கிளைவிட்டு வெளியேறியவர்களில் மிகப் பெரியவர் அமேசான். தன் வியாபாரப் பிரிவின் கடைசி ஆரக்கிள் தரவுத்தளத்தை மூடிவிட்டதாக 2019 அக்டோபரில் அது அறிவித்தது. மாற்றப்பட்டவை ஏறக்குறைய 7,500 தரவுத்தளங்கள். அவற்றுள் இருந்தது 75 பெட்டாபைட், அதாவது ஏழரைக் கோடி ஜிகாபைட். நூறுக்கு மேற்பட்ட குழுக்கள் அதில் ஈடுபட்டன. செலவு 60 சதவிகிதத்துக்கு மேல் குறைந்தது என்று அது பெருமைப்பட்டுக்கொண்டது. அமேசான் தானே தரவுத்தளச் சேவை விற்கும் வியாபாரி ஆகையால், இந்த அறிவிப்பில் விளம்பரமும் கலந்திருக்கிறது என்பதை மறக்கக்கூடாது. சாதாரணக் குழுவுக்கு நூறு குழுக்களும் கிடையாது, சொந்தத் தரவுத்தளமும் கிடையாது.

ஆனால் அந்த வெற்றி அறிவிப்பின் உள்ளே, விளம்பரத்துக்கு உதவாத ஒரு வாக்கியமும் இருந்தது. ஆரக்கிளோடு இறுகப் பிணைந்துவிட்ட சில வெளியார் மென்பொருள்கள் மட்டும் மாற்றப்படாமல் அப்படியே விடப்பட்டன.